பென்சிலில் ஒதுக்கிய பச்சை

என்னிடம் உள்ள நாட்குறிப்புகளில் எழுபத்துநான்காம் ஆண்டுப் புத்தகத்தின் அட்டையில் மட்டும் ஒரு பச்சை விரல்ரேகை இருக்கிறது. என் விரல் அல்ல. மற்ற புத்தகங்கள் சுத்தமானவை. முதல் மழை பெய்த நாள், ரயில் தாமதமான நிமிடங்கள், நூலகத்தில் எடுத்த புத்தகம், அக்கா வீட்டில் வடாம் பிழிந்த கிழமை என்று எல்லாவற்றுக்கும் தேதி போடும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து உண்டு. திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருந்த அப்பா, எந்த உற்சவம் எந்த நட்சத்திரத்தில் வருகிறது என்பதைப் பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லுவார். அவரிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான் என்று அம்மா சொல்லுவாள்.

அப்போது நான் பொன்னேரியில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். காலை ரயிலில் ஏறினால் நடுவில் கவரைப்பேட்டை, அடுத்தது கும்மிடிப்பூண்டி. இறங்கிப் பத்து நிமிடம் நடை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெயின்டுக்கு ஆர்டர் வந்தால் அந்தத் தாள் முதலில் என் மேஜைக்கு வரும். எந்த நிறம், எத்தனை ஈடு என்று அதில் இருக்கும். ஈடு என்ற சொல் இட்லிக்கு உரியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே கலவைத் தொட்டியில் ஒரு தடவை போட்டு இறக்குவதையும் ஈடு என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஆளிவிதை எண்ணெய், பிசின், வெள்ளைப் பொடி, நிறப்பொடி எல்லாம் எவ்வளவு வேண்டும் என்று நான் கணக்கிட வேண்டும். பிறகு கிடங்கில் இருக்கும் எந்த டிரம்மிலிருந்து அது போகும் என்று முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். ஒதுக்காமல் விட்டால் ஒரே டிரம்மை இரண்டு ஆர்டர்கள் நம்பிக்கொண்டிருக்கும். முதலில் வந்தவர் அள்ளிக்கொண்டு போய்விடுவார். இரண்டாவது ஆர்டர் எண்ணெயோடு பாதியில் நிற்கும். நிறப்பொடிகள் பம்பாயிலிருந்து வர வேண்டும். எழுதிப் போட்டால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

ஒவ்வொரு பொடிக்கும் ஒரு அட்டை உண்டு. வந்தது, ஒதுக்கியது, போனது, மீதி என்று நான்கு பத்தி. ஒதுக்கியதைப் பென்சிலில் எழுதுவோம். டிரம் கிடங்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் அதன் மேல் மையால் எழுதுவோம். ஆர்டர் ரத்தானால் பென்சிலை அழித்துவிடலாம். மையை அழிக்கக் கூடாது. இது எனக்கு முன்பிருந்தே அங்கு இருந்த வழக்கம்.

நான் சேர்த்தது தேதி. டிரம் வந்து இறங்கியதுமே அதன் வயிற்றில் சிவப்பு எழுத்தில் தேதி எழுதுவேன். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது என் விதி. பழையது பின்னால் தங்கிக் கெட்டுப்போகக் கூடாது அல்லவா. போர்மேன் சூலூர்பேட்டைப் பக்கத்துக்காரர். யாரைக் கூப்பிட்டாலும் நைனா என்பார். என் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா டிரம்முக்கெல்லாம் ஜாதகம் எழுதுது நைனா. நாளைக்கு எதுக்கு எதக் கட்டி வெக்கலாம்னு பொருத்தம் பாக்கும்" என்று கலவைக்கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

நிறம் பார்க்க ஒரு பெண்ணை எடுத்தார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்தது ஆவணியில். வடக்குப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல் கொண்ட சின்ன அறையில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். வடக்கு வெளிச்சம் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நிறம் பார்க்க அதுதான் தோது. ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து அட்டையில் பூசி, மறுநாள் காய்ந்ததும் மூல அட்டையோடு வைத்துப் பார்த்து, ஒன்றுதான் என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இயந்திரம் எதுவும் கிடையாது. கண்தான். நாலைந்து பேரை வைத்துப் பார்த்ததில் அவள் கண்தான் பிசகவில்லை என்று மேனேஜரே எடுத்திருந்தார். ஆறு மாதம் தற்காலிகம். மாசிக் கடைசியில் நிரந்தரமாக்குவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள்.

அவள் அம்மா ஆரணிச் சாலையில் ஒரு அரிசி ஆலையில் நெல் களத்தில் வேலை செய்தாள். அப்பா இல்லை. பொன்னேரிக்கு வெளியே காலனியில், மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அவளும் ஒரு வருஷம் அதே களத்தில் நெல் துழாவியிருக்கிறாள். "இது போச்சின்னா மறுபடியும் களம்தான்க்கா. வெயில்ல வேலக்கி பயமில்ல. படிச்சவ வந்துட்டா பாருன்னு மேஸ்திரி சிரிப்பான், அதான்" என்று ஒருமுறை சொன்னாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

மதியம் நாங்கள் இருவரும் அவள் அறையில் சாப்பிடுவோம். பெண்கள் என்று அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. முதல் சில வாரங்கள் என் தயிர்சாதத்தை நான் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சாப்பிட்டேன். வீட்டில் பழகிய பழக்கம். யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை டப்பாவை ரயிலிலேயே மறந்துவிட்டு வந்தேன். அவள் தன் டப்பா மூடியில் பாதிச் சோற்றையும் கீரைக் குழம்பையும் போட்டு என் பக்கம் தள்ளினாள். தள்ளிவிட்டு என்னைப் பார்க்காமல் தன்னுடையதைச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் சாப்பிட்டேன். அன்றைய பக்கத்தில் 'கீரை நன்றாக இருந்தது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

கார்த்திகையில் ஒரு மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளிர்பச்சை பெயின்ட் ஆர்டர் வந்தது. ஐந்து ஈடு. பச்சைப் பொடி கிடங்கில் இரண்டு வரத்தாக, அதாவது இரண்டு தடவை வந்திறங்கியதாக, இருந்தது. ஆடியில் வந்ததில் மீந்தது இரண்டு ஈட்டுக்குக் காணும். அந்த மாதமே புதிதாக வந்து இறங்கியது ஆறு ஈட்டுக்குக் காணும். நான் யோசிக்கவே இல்லை. ஆடிப் பொடியை முதல் இரண்டு ஈட்டுக்கும், கார்த்திகைப் பொடியை மீதி மூன்றுக்கும் பென்சிலில் ஒதுக்கினேன். பழைய டிரம் காலியாகி, அட்டையில் அதற்கு நேரே மீதி என்ற பத்தியில் சுழி விழுந்தது. அதைப் பார்த்து நிறைவாக இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

ஐந்து ஈட்டையும் அவள் பார்த்தாள். ஐந்துக்கும் கையெழுத்துப் போட்டாள். மார்கழியில் சுவரில் அடித்தார்கள்.

தை மாதம், பொங்கல் கழிந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. ஒரே கூடத்தில் இரண்டு சுவர் ஒரு பச்சையாகவும் இரண்டு சுவர் வேறு பச்சையாகவும் இருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். மேனேஜரே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் அவளைக் கூப்பிட்டார். நான் அட்டைகளில் கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்தேன்.

"அஞ்சும் ஒண்ணுன்னு நீதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்க?"

"ஆமா சார்."

"அங்க போய்ப் பாத்தா எனக்கே தெரியுதே. ஒண்ணு வேப்பங்கொழுந்து, ஒண்ணு பாசிப்பயறு. என் கண்ணாடிக்கே தெரியறது உன் கண்ணுக்குத் தெரியலியா?"

அவர் கத்துகிறவர் அல்ல. அதனால் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் "நான் பாத்தப்ப ஒண்ணாத்தான் சார் இருந்தது" என்றாள். அவர் கடிதத்தை மடித்தார். "மாசிக் கடைசியில முடிவு பண்ணணும். பாக்கலாம். வேற ஒரு பொண்ணும் மனு போட்டிருக்கா" என்றார்.

அன்று மாலை ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கவரைப்பேட்டை தாண்டியதும் நவரைப் பட்டத்து நெல் நட்ட வயல்கள். என் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, அந்தக் கழனில நிக்குதே, அது இன்னா பச்ச?"

"பயிர்ப் பச்சை."

"பயிர்ப் பச்சன்னா எல்லாம் ஒண்ணா? இங்க இருக்கறது நட்டு பத்து நாளு இருக்கும். அதுக்கு அந்தாண்ட இருக்கறது ஒரு மாசப் பயிரு. வரப்போரமா மஞ்ச தட்டிக்கினு இருக்குது பாரு, அங்க தண்ணி நின்னுபோச்சி." வயலிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினாள். "இதெல்லாம் எனக்குத் தெரியுதுக்கா. அப்ப அது மட்டும் ஏன் தெரியாம போச்சி?"

அடுத்த பல நாள் அவள் அப்படியே கேட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருப்பவள் புடவைக் கரையைக் காட்டி, பூக்காரி கூடையைக் காட்டி, இது இன்னா கலரு, அது இன்னா கலரு என்பாள். நான் சொன்னதும், "அதேதான் எனக்கும் தெரியுது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். அறையில் ஒவ்வொரு அட்டையையும் மூன்று தடவை பார்த்தாள். சந்தேகப்பட்டு நல்ல ஈடுகளைக்கூட நிறுத்திவைத்தாள். போர்மேன் வந்து, "இன்னாம்மா, கலவை மில்லு காஞ்சிக்கினு கெடக்குது. பேஜாரா போச்சி" என்று நின்றார். அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "சரி, டீ குடிச்சிட்டு வரேன், மெள்ள பாரு" என்று போய்விட்டார்.

தைக் கடைசியில் ஒரு புதன்கிழமை. சாப்பிட உட்கார்ந்ததும் அவள் டப்பாவைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கி என் சோத்தப் பாக்காதக்கா."

"ஏன்?"

"ஊட்ல பழய அரிசி ஒரு ஆழாக்குதான் இருந்தது. பத்தலன்னு தம்பி ரேஷன் புது அரிசியையும் சேத்து ஒலையில போட்டுட்டான். புதுசு கொழஞ்சிபோச்சி, பழசு வெறைச்சிக்கினு நிக்குது." ஒரு பருக்கையை எடுத்துக் காட்டினாள். "எங்கம்மா வந்து தலையில அடிச்சிக்கிச்சி. களத்துல வேற வேற வண்டில வந்த நெல்ல ஒரே தொட்டியில ஊறப்போட மாட்டாங்க, உனக்கு அதுகூடத் தெரியாதாடான்னு."

எப்போதும் போல நான் என் டப்பாவைப் பாதி அவளிடம் தள்ளினேன். அவளுடையதிலிருந்து ஒரு கை எடுத்துக்கொண்டேன். வாயில் குழைந்ததும் விறைத்ததும் ஒன்றாக வந்தன. தூக்கிப் பார்த்தால் இரண்டும் அரிசிதான். ஒரே வெள்ளை. உலையில் போட்ட பிறகுதான் வேறாகின்றன.

கை கழுவாமல் எழுந்து போனேன். பச்சைப் பொடி அட்டையை எடுத்தேன். முதல் இரண்டு ஈடு, ஆடிப் பொடி. பிந்திய மூன்று, கார்த்திகைப் பொடி. எல்லாம் என் கையெழுத்தில், கோடு போட்டாற்போல இருந்தது. பூசிய மறுநாள் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அவள் பார்த்தது அதைத்தான். சுவரில் நாள் ஆக ஆக ஒரு பொடி மட்டும் தன் வழியில் நிறம் திரும்பியிருக்கிறது. ஐந்துக்கும் கார்த்திகைப் பொடியையே ஒதுக்கியிருந்தால் நான்கு சுவரும் சேர்ந்தே திரும்பியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்குப் போதுமான பொடியும் இருந்தது. பழையது முதலில் போக வேண்டும் என்று நான்தான் ஒரே ஆர்டரை இரண்டாகப் பிளந்திருக்கிறேன்.

அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், நாட்குறிப்பில் அந்த இரண்டு நாளிலும் ரயில் தாமதத்தை மட்டும் எழுதியிருக்கிறேன் என்பதுதான். என்னை வேலைக்கு அனுப்புவதில் அக்காவின் கணவர் அத்திம்பேருக்கு ஏற்கெனவே விருப்பமில்லை. ஒரு புகார் என்றால் போதும், திருவள்ளூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நினைப்பில் இரண்டு நாள் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் அப்போதும் என் புடவைக் கரையைக் காட்டி, இது இன்னா கலரு என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை, கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் ரயில் வருவதற்கு முன்னால் சொன்னேன். பச்சைப் பொடி அட்டையையே கொண்டுவந்திருந்தேன், கொண்டுவரக் கூடாது. அவள் அதை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்குது."

"சரியாத்தான் இருக்கு."

"எப்ப தெரிஞ்சது?"

"புதன்கிழமை. சாப்பிடறப்போ."

"இன்னிக்கி வெள்ளி."

"ஆமாம்."

அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். ரயில் வந்தது. ஏறினோம். கவரைப்பேட்டை வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அப்புறம் திடீரென்று, "தேதி தேதின்னு டிரம்முக்கெல்லாம் எழுதிக்கினு இருந்தியே, அதுவாச்சும் உருப்படியா ஆச்சி. இல்லாட்டி எந்த ஈடு எந்தப் பொடின்னு எவனுக்குத் தெரியும்" என்றாள். குரல் சரியாக இல்லை. ஆனால் பொன்னேரியில் இறங்கும்போது என் பையை அவள்தான் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் அட்டையை வைத்தேன். அவர் படித்துவிட்டு, "நீ சொல்றது சரின்னு எப்படி நம்பறது? சிநேகிதிக்காகச் சொல்றியா?" என்றார். நியாயமான கேள்வி. நான் யோசித்தே வந்திருந்தேன். ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் ஒரு சின்ன டப்பாவில் மாதிரி எடுத்து மூடி வைப்பது அங்கே வழக்கம். முதல் ஈட்டு டப்பாவும் நான்காவது ஈட்டு டப்பாவும் அலமாரியில் இருந்தன. ஒரே பலகையில் பாதிக்கு அது, பாதிக்கு இது என்று பூசி, வெயிலில் வைத்துப் பார்க்கலாம் என்றேன்.

பலகையைக் கிடங்குக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தார்கள். முதல் நாள் இரண்டு பாதியும் ஒன்றுதான். இரண்டாம் நாளும் ஒன்றுதான். மேனேஜர் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போனார். அவள் பார்க்கவே வரவில்லை. "நான் பாத்தா இல்லாதத எதையாச்சும் பாத்துடுவேன். நீயே பாத்துக்க" என்றாள். மூன்றாம் நாள் போர்மேன், "வெயிலு கம்மி நைனா" என்று பலகையைத் தானே தூக்கித் தெற்குச் சுவருக்கு மாற்றினார். நான்காம் நாள் ஒரு காக்கை அதன் மேல் எச்சமிட்டுவிட்டது. அவர் கலவைக்கூடத்திலிருந்து ஓடிவந்து ஈரத்துணியால் துடைத்து, யாரோ அவரைத்தான் குறைசொன்னதுபோல, "பச்சைக்கு ஒண்ணும் ஆவல" என்றார்.

ஆறாம் நாள் காலை நடுக்கோடு தெரிந்தது. மெல்லிய கோடு. எட்டாம் நாள் வாசலிலிருந்தே தெரிந்தது. ஒரு பக்கம் வேப்பங்கொழுந்து, ஒரு பக்கம் பாசிப்பயறு. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு வடக்கு ஜன்னல் அறைக்குப் போய் அவளிடம் என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதே கையோடு ஒதுக்கீட்டு விதியை மாற்றி எழுதச் சொன்னார். ஓர் ஆர்டருக்கு ஒரே வரத்துப் பொடிதான். பழையதில் மிச்சம் போதாவிட்டால் அது காத்திருக்கட்டும், அதற்கு ஏற்ற சின்ன ஆர்டர் வரும்வரை. முதலில் வந்தது முதலில் என்ற என் விதிக்குக் கீழே நானே இதை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மருத்துவமனையில் ஆடிப் பொடி அடித்த சுவர்களை மட்டும் மிச்சமிருந்த கார்த்திகைப் பொடி கொண்டே மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். எச்சரிக்கைக் கடிதத்தை அத்திம்பேரிடம் நானே காட்டினேன். அவர் படித்துவிட்டு, "பெயின்ட்ல இவ்வளவு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் நிரந்தரம் பற்றி மேனேஜர் வாய் திறக்கவில்லை. இன்னொரு பெண்ணின் மனு அவர் மேஜையில்தான் இருந்தது. மாசிக் கடைசி நாளுக்கான பக்கத்தில் நான் முன்னதாகவே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். 'இந்த வேலை அவளுக்கு.' பென்சிலில்தான் எழுதினேன். எழுதியதை அவளிடம் காட்டியது தவறோ என்று பிறகு தோன்றியது. அவள் அதைப் பார்த்து, "ஆர்டர் கேன்சலாச்சின்னா அழிச்சிடுவியா?" என்றாள்.

மாசிக் கடைசி நாள் மாலை நான்கு மணி இருக்கும். மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நான் அட்டைகளில் அன்றைய மை வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். ஒரே எண்ணை மூன்று தடவை கூட்டினேன். அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. வேலையின் நடுவிலிருந்து போயிருந்ததால் விரலெல்லாம் பச்சை. தாளில் கறை படாமல் இருக்க அதை இரண்டு நுனி விரல்களால் பிடித்திருந்தாள். என் மேஜை முன்னால் வந்து நின்றாள். அழுதுகொண்டும் இல்லை, சிரித்துக்கொண்டும் இல்லை.

"அந்த புக்க எடு" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் திறந்து, பக்கத்தைத் தேடி, "பேனா குடு" என்றாள். என் பென்சில் எழுத்தின் மேலேயே ஒவ்வொரு எழுத்தாக மையால் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் எழுத்தின் மேல் எழுதிப் பழகுவதுபோல, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக. எழுதி முடித்துப் பேனாவை மூடினாள்.

"தேதி போடலியா?" என்றேன்.

"அது நீ போடு. எனக்கு ஒலயில அரிசி போடணும்னு இருக்குது, இன்னிக்கி நல்ல அரிசி." புத்தகத்தை மூடி என்னிடம் தள்ளினாள். போர்மேன் வாசலில் நின்றுகொண்டு, "ஆறு மணி வண்டிய விட்டுடாதீங்க ரெண்டு பேரும்" என்றார்.

நான் தேதி போட்டேன். நாட்குறிப்பின் அட்டையில் இருந்த விரல்ரேகையை வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தேன். கார்த்திகைப் பொடி. இத்தனை வருஷத்தில் அது கொஞ்சம் மஞ்சளாகத் திரும்பியிருக்கிறது.